அம்மப்பாவின் மூன்று பதக்கங்கள்

கேள்வி: என் அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் ஆஸ்பத்திரிக் கப்பலொன்றில் குசினி வேலை செய்தவர். கப்பல் மட்டக்களப்புக் கடலில் தாண்டபோது அவரும் போய்விட்டாராம். அம்மா வருஷா வருஷம் ஏப்ரல் 9ஆம் திகதி கடலில் பூப் போடுவா. ட்ரங்குப் பெட்டியில் மூன்று பதக்கங்கள் கிடந்தன: இரண்டு பித்தளை நட்சத்திரங்கள், வெள்ளி போன்ற வட்டம் ஒன்று. எதிலும் பெயரில்லை. கிழிந்த கடிதத் துண்டில் 'தலம்பா' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. நகைக்கடையில் காட்டினேன், "சும்மா பித்தளை" என்று சிரித்தார்கள். இவை உண்மையானவையா?
- வாசகி, பெரியகல்லாறு

பதில்: உண்மையானவைதான், மகள். அந்த இரண்டாவது நட்சத்திரத்தின் நாடா சிவப்பு, வெள்ளை, பச்சை என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெளிவாகத் தெரிகிறது. அது இத்தாலி நட்சத்திரம். 1943 யூன் 11க்குப் பிறகு மத்தியதரைக் கடற்பக்கம் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்தது. 1942 ஏப்ரலில் நம் கடலில் இறந்தவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

அன்று இங்கே தாண்டது 'ஹேர்மிஸ்', விமானந்தாங்கிக் கப்பல். ஜப்பான்காரனின் குண்டுகள். என் அப்பா கல்லடிக் கரையில் நின்று புகையைப் பார்த்தவர். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். அப்போது பக்கத்தில் 'வீற்றா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் வந்தது உண்மை. ஆனால் அது தாழவில்லை. கடலில் தத்தளித்த அறுநூறு பேரளவில் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனது. 'தலம்பா'வும் அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பனியின் கப்பல், அதுவும் ஆஸ்பத்திரிக் கப்பல். ஊர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

தலம்பா 1943 யூலை 10 இரவு சிசிலிக் கரைக்கு அப்பால் குண்டு பட்டுத் தாண்டது. செஞ்சிலுவை தெரிய விளக்கெல்லாம் எரியவிட்டு நின்ற கப்பல் அது! காயம்பட்டவர்களில் அநேகமாக எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கப்பல் ஆட்களில் சிலர் திரும்பவில்லை.

மற்ற நட்சத்திரம் 1939-45க்கானது. அதன் நாடாவில் கருநீலம் கடற்படைக்கும் வணிகக் கப்பல்காரருக்கும், சிவப்பு தரைப்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. வட்டத்தைத் திருப்பிப் பாருங்கள், இரட்டைத்தலை ட்ராகனை மிதித்துக்கொண்டு ஒரு சிங்கம் நிற்கும். பெயரில்லாததற்குக் கவலை வேண்டாம். முதலாம் போரில் விளிம்பில் பெயர் வெட்டிக் கொடுத்த பிரிட்டிஷ்காரர், இரண்டாம் போரில் வெறுமையாகவே கொடுத்தார்கள். வணிகக் கப்பல்காரருக்கு இவை தானாக வந்தவையும் அல்ல, கேட்டு எழுதியவர்களுக்கே அனுப்பினார்கள். அப்படியென்றால் உங்கள் அம்மம்மாவுக்கு யாரோ ஒருவர் மினைக்கெட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கொமன்வெல்த் போர்க்கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். வெள்ளைக்கார எழுத்தர்கள் நம் பெயர்களைக் கடித்துத் துப்பியவர்கள், ஆகவே நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள். நான் ஒரு பதக்கத்தைப் பிராசோ போட்டு மினுக்கி அரசரின் எழுத்தையே மழுக்கினவன். அந்தக் கடிதத் துண்டையும் பதக்கங்களோடு ஒரே பெட்டியில் வையுங்கள்.

அம்மாவிடம் மெல்லச் சொல்லுங்கள். பூப் போடுவதை நிறுத்த வேண்டாம். திகதியை யூலை 10க்கு மாற்றினால் போதும்.