தீயணைப்பான், அலாரம் எல்லாம் இருக்கும்போது ஜிம்முக்குத் தனியாகத் தீ அபாய மதிப்பீடு எதற்கு?

மாடியில் வாடகைக்கு இடம் எடுத்து ஜிம் தொடங்கியிருக்கிறீர்கள். 4 தீயணைப்பான்கள் மாட்டியாகிவிட்டது, அலாரமும் அடிக்கிறது. இதற்கு மேல் மதிப்பீடு என்று தனியாக என்ன இருக்கிறது, செய்தே ஆக வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

11 ஆண்டுகள் ஜிம் மேலாளராக இருந்தவன் நான். தேவை என்பதுதான் என் பதில். ஏன் என்பதற்கு எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

நாங்கள் வாரம் ஒருமுறை தவறாமல் அலாரத்தைச் சோதிப்போம். செவ்வாய்க்கிழமை காலை 11.30 மணி. அந்த நேரத்தில் உள்ளே நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பாட்டை நிறுத்திவிட்டு பட்டனை அழுத்துவோம், சத்தம் காதைப் பிளக்கும், பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். ஒருநாள் மாலை 6.45 மணிக்கு ஒரு டிரெட்மில்லின் மோட்டார் மூடிக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. டிரெயினர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார், நான் அலாரத்தை அழுத்தினேன். பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார்கள். ஹெட்ஃபோன் போட்டிருந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடந்த சைக்கிள் வகுப்பில் 22 பேர், விளக்கை அணைத்து, பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் அலாரம் கேட்கவில்லை. நான் உள்ளே போய் விளக்கைப் போட்டு, கையை ஆட்டிக் கத்திய பிறகுதான் இறங்கினார்கள். புகை தானாக அடங்கிவிட்டது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் வாராவாரம் காலியான கட்டடத்தைச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எதிலிருந்து தீ பிடிக்கலாம், பிடித்தால் எது எரியும், அப்போது உள்ளே யார் யார் இருப்பார்கள், அவர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, குறைக்க முடிந்ததைக் குறைத்து, எழுதி வைத்து, அவ்வப்போது திரும்பிப் பார்ப்பதைத்தான் மதிப்பீடு என்கிறோம். அதைக் கூட்டமான ஒரு மாலையில் பாட்டு ஓடும்போது ஒருமுறையும், கடைசி ஆள் மட்டும் இருக்கும் இரவில் ஒருமுறையும் நடந்து பார்த்துச் செய்யுங்கள். காகிதத்தை எடுப்பது அதற்கப்புறம்.

ஆட்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அலுவலகத்துக்கோ கடைக்கோ எழுதிய மதிப்பீட்டை எடுத்து ஜிம்முக்குப் போட முடியாமல் போவது இங்கேதான். குழு வகுப்புகளில் பாட்டின் சத்தம் பல நேரம் 90 டெசிபலைத் தாண்டும். அலாரம் அடித்தவுடன் பாட்டு தானாக நின்றுபோகும்படி ஆம்ப்ளிஃபயரை அலாரத்தோடு இணைத்துவிடலாம். நாங்கள் செய்த மாற்றங்களிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான். ஹெட்ஃபோன்காரர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பளிச்சென்று மின்னும் விளக்கு வேண்டும். குளியல் அறைக்குள்ளும் ஒன்று வையுங்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். கடுமையாக ஓடிக்கொண்டிருப்பவர் 100 லிட்டர்கூட இழுப்பார். புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருந்தால் அவர் உடம்பில் அது ஏறும் வேகமும் அப்படியே கூடும். ஆகவே 'முதலில் என்னவென்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம்' என்ற பேச்சே ஜிம்மில் கூடாது.

குளித்துக்கொண்டிருப்பவர், சானா எனும் வெப்ப அறைக்குள் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவர், உடை மாற்றும் நடுவில் இருப்பவர் எல்லாம் உடனே வெளியே வர மாட்டார்கள். அரைகுறை உடையோடு தெருவில் நிற்க யாருக்கும் மனம் வராது. அவசர வழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் போர்வைகளை அடுக்கி வைத்தால் அந்தத் தயக்கம் நிறையக் குறையும். வண்டிச் சாவி, போன், பை எல்லாம் லாக்கரில் இருப்பதால் அலாரம் கேட்டும் உள்பக்கம் ஓடுபவர்களும் உண்டு. லாக்கர் அறை வாசலில் ஒருவர் நின்று திருப்பி அனுப்ப வேண்டும், அவர் யார் என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். உங்களுடையது மாடி என்பதால், படி இறங்க முடியாத உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவருக்கென்று தனித் திட்டம் எழுதுங்கள். தீயின்போது லிஃப்டை நம்ப முடியாது.

தீ பிடிக்கும் இடங்களில் முதலாவது டிரெட்மில். பெல்ட்டுக்கு அடியில் எண்ணெய்ப் பூச்சு காய்ந்தால் உராய்வு கூடும், மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், சூடேறும். மூடியைக் கழற்றிப் பாருங்கள், தூசும் ரப்பர் துகளும் முடியும் மெத்தை மாதிரி படிந்திருக்கும். எங்களுடையதில் புகைந்தது அதுதான். இரண்டு டிரெட்மில்களை ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுவது, வயரைச் சுருட்டி மேட்டுக்கு அடியில் தள்ளுவது இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு டிரெட்மில்லுக்கும் தனி மின்இணைப்பு இருப்பதே சரி.

துண்டு துவைத்து உலர்த்தும் டிரையர் இருந்தால் அதன் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு சுற்றுக்கும் சுத்தம் செய்ய வேண்டும், வெளியேற்றும் குழாயையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மசாஜ் வசதியும் இருக்கிறதா? அப்படியானால் இதைக் கவனமாகப் படியுங்கள். தாவர எண்ணெய் ஊறிய துண்டில், துவைத்த பிறகும் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும். அதைச் சூடாக டிரையரிலிருந்து எடுத்துக் குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து குவியலின் நடுவில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். தீப்பொறி எதுவும் இல்லாமலே, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அது பற்றிக்கொள்ளக்கூடும். நல்ல சூடான தண்ணீரில் துவைத்து, டிரையரின் குளிர்விக்கும் சுற்று முழுவதும் முடிந்த பிறகு, ஆறவிட்டு அடுக்க வேண்டும்.

சானா அடுப்பின் மேல் துண்டு காயப்போடுவதை எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் யாராவது செய்வார்கள். தடுப்புக் கம்பியும், நேரம் ஆனதும் தானாக அணையும் டைமரும் இருக்கட்டும். மின் ஸ்கூட்டரை உள்ளே கொண்டுவந்து சார்ஜ் போட யாரையும் விடாதீர்கள், அதிலும் வாசல் பக்கமாக வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் அணைந்த மாதிரி இருந்துவிட்டு மறுபடி எரியும். அது கிடப்பது நீங்கள் வெளியேற வேண்டிய வழியில் என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எரியக்கூடியது ஜிம்மில் ஏராளம். பெஞ்சின் மெத்தை, யோகா பிளாக், குத்துப் பை, தரை ரப்பர் என்று எங்கும் இருக்கிறது. மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவும் வரும். சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடாது என்று சுவரில் மலிவான ஃபோம் ஒட்டுவதுதான் எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் 100 பேர் இறந்தார்கள். மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டது அப்படிச் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில்தான். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடி, அங்கே நெரிசலில் அகப்பட்டார்கள். உங்கள் உறுப்பினர்களும் தினமும் வரும் வாசலைத்தான் தேடுவார்கள். பின் வழி ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளியேறும் வழியைப் பற்றிப் பேசினால் ஜெச்சியோன் நகரத்துத் தீ விபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தென் கொரியாவில், 2017 டிசம்பர் 21 அன்று, 8 மாடி உடற்பயிற்சி மையம் ஒன்றில் 29 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது தரைத்தள வாகன நிறுத்தத்தின் கூரையில். இறந்தவர்களில் 20 பேர் இரண்டாம் தளத்துப் பெண்கள் குளியல் பகுதியில் இருந்தவர்கள். அங்கே அவசர வழி இருந்தது. அதை அலமாரிகள் மறைத்திருந்தன. இதைப் படித்த நாளிலிருந்து, அவசரக் கதவின் முன்னால் ஒரே ஒரு டம்பெல் ஸ்டாண்ட் இருப்பதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும். ஜிம்மில் புது இயந்திரம் வந்தால் பழையது எங்கே ஒதுங்கும்? அங்கேதான்.

கண்ணாடிகளையும் பாருங்கள். அவசரக் கதவின் மேலோ அதை ஒட்டியோ கண்ணாடி பதித்திருந்தால், புகையில் எது கதவு, எது பிம்பம் என்று தெரியாது. கார்டு காட்டித் திறக்கும் கதவாக இருந்தால் அலாரம் அடித்ததும், மின்சாரம் போனதும் பூட்டு தானாக விடுபட வேண்டும். ஒருநாள் மெயினை அணைத்துவிட்டு நீங்களே தள்ளிப் பாருங்கள். ஆள் இல்லாமல் 24 மணி நேரமும் திறந்து வைக்கும் எண்ணம் இருந்தால், நடு இரவில் தனியாக இருப்பவருக்கு யார் சொல்வார்கள், தீயணைப்புத் துறைக்கு யார் அழைப்பார்கள் என்ற பதில் கிடைக்கும் வரை திறக்காதீர்கள்.

குளியல் அறை நீராவி, பாடி ஸ்ப்ரே, பிடி நழுவாமல் இருக்கக் கையில் தடவும் சாக் பொடி எல்லாமே புகை உணரியைத் தூண்டிவிடும். அடிக்கடி பொய்யாக அடித்தால் யாராவது அதன் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் வெப்ப உணரியைப் போடச் சொல்லுங்கள். தீயணைப்பான்களைப் பொறுத்தவரை, மின் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு வகை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வகையை மின்சாரம் ஓடும் இயந்திரத்தில் அடித்தால் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு, அதனால் நாலும் அந்த வகையாக இருக்கக் கூடாது.

முதல் சுற்றை நீங்களே செய்யலாம், ஏனென்றால் உங்கள் ஜிம்மின் பழக்கங்கள் உங்களுக்குத்தான் தெரியும். தீயில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர், மின்இணைப்பு, மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டு பற்றியெல்லாம் இந்த வேலை தெரிந்தவரை வரவழைத்துக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் என்ன கடை, அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்கள் மதிப்பீட்டில் வர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள், இயந்திரங்களை இடம் மாற்றினாலோ புது வகுப்பு தொடங்கினாலோ அன்றே பாருங்கள்.

பாட்டோடு அலாரத்தை இணைத்த பிறகு, மாலை 6.45க்கே, முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு ஒத்திகை வைத்தோம். சைக்கிள் வகுப்பு ஆசிரியர் உட்பட, பயிற்சி செய்துகொண்டிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கதவுக்கு வந்தார்கள். குளியல் அறையிலிருந்து இருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். கீழே எண்ணிப் பார்த்தபோது ஒருவர் குறைந்தார். கழிப்பறைக்குள் இருந்திருக்கிறார், அங்கே அலாரத்தின் சத்தம் சரியாகப் போகவில்லை. அடுத்த வாரமே அங்கே ஒரு ஒலிப்பானும் விளக்கும் பொருத்தினோம்.