கிடங்கை அளக்க வாறவர் உங்கட கிடங்கையும் அளப்பார்

கோண்டாவிலில இருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. பக்கத்து வீட்டுக்காரர் வெளிநாட்டுக் காசில மேல்மாடி எடுத்து 4 பாத்ரூம் கட்டி, கக்கூஸ் கிடங்கை இவையின்ர கிணத்தடிப் பக்கமா மதிலோட வெட்டிப்போட்டாராம், இப்ப தண்ணி மணக்குதாம், மாமி 3 வருசத்துக்கு முதல் வயித்தோட்டத்தில ஆஸ்பத்திரியில கிடந்தவவாம், கேக்கப்போனா அவர் வாயில வந்தபடி பேசினாராம். கேஸ் போட்டு கிடங்கை மூட வைக்கலாமோ, நட்டஈடு எடுக்கலாமோ எண்டு கேக்கிறா.

அக்கா, பேசினதை விடுங்கோ. மாமியின்ர செலவையும் விடுங்கோ, நட்டஈட்டு வழக்கை 2 வருசத்துக்குள்ள போட்டிருக்கோணும். சுன்னாகத்தில மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில கலந்த வழக்கில 2019இல உயர் நீதிமன்றம் கம்பனியை 2 கோடி ரூபா கட்டச் சொன்னதை எழுதியிருக்கிறியள், அது ஊரே பாதிச்ச அடிப்படை உரிமை வழக்கு, ரெண்டு வளவுப் பிரச்சினைக்கு அது உதவாது.

உங்களுக்கு நிக்கிற கேள்வி ஒண்டுதான். உங்கட கிணத்து அழுக்கு அவற்ற கிடங்கில இருந்துதான் வந்தது எண்டு உங்களால காட்ட ஏலுமோ?

இந்த இடத்திலதான் கன பேர் விழுந்தவை. என்னட்ட வந்த ஒருத்தர் சோடாப் போத்தலில தண்ணி அள்ளிக் குடுத்து ரிப்போர்ட் எடுத்து வைச்சிருந்தார், நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல, மலத்தில இருந்து வாற ஈ கோலைக் கிருமியும் இருக்கு. வெண்டாச்சு எண்டு நினைச்சிட்டார். மற்றப் பக்க லோயர் ரெண்டு கேள்விதான் கேட்டவர், பின்வளவில வெங்காயத்துக்கு என்ன உரம் போடுறியள், உங்கட சொந்தக் கிடங்கு எங்க இருக்கு? பீ.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், டேப் பிடிச்சார். கிணத்தில இருந்து அயலவற்றது 38 அடி, இவற்றது 22 அடி. ஆள் அந்த இடத்திலயே வேர்த்துப்போனார். கடைசியில தன்ர கிடங்கையும் மாத்தி லோயர் காசும் கட்டினதுதான் மிச்சம்.

கிணத்துக்கும் கிடங்குக்கும் இடையில 50 அடி, 50 அடி எண்டு எல்லாரும் சொல்லுறம். 2 பரப்பு எண்டா 20 பேர்ச், கிட்டத்தட்ட 5,400 சதுர அடி, 50 அடி அகலக் காணியில நடுவில கிணறு எண்டா வேலி வரைக்கும் 25 அடிதான், பிறகு ஆற்ற கிடங்கு தள்ளி நிக்கும்? எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு, வெடிப்புக்குள்ளால தண்ணி வடிபடாமல் ஓடும், அடி திறந்த கிடங்கு அவற்றதெண்டாலும் உங்கடதெண்டாலும் கிணத்துக்கு ஒண்டுதான். அதால பீ.எச்.ஐ.க்குக் கடிதம் எழுத முதல் உங்கட கிடங்கை நீங்களே அளவுங்கோ. காணி உறுதியையும் எடுத்துப் பாருங்கோ, அது பங்குக்கிணறு எண்டா அவருக்கும் பங்கிருக்கும், கதை வேற மாதிரி.

கோவத்தில இரவில கிடங்குக்க கல்லைப் போடுறது, குழாயை அடைக்கிறது ஒண்டும் செய்யாதேங்கோ, வழக்காளியா வந்த மனுசர் பொலிஸில எதிரியா நிண்டதைக் கண்டிருக்கிறன்.

என்னைக் கேட்டா சமாதானமாப் போங்கோ. ரெண்டு வீடும் அடிக்குக் கொங்கிறீற் போட்ட செப்டிக் டாங்குக்கு மாறி, வழியிற தண்ணியை ரெண்டு கிணத்துக்கும் தள்ளி றோட்டுப் பக்கமா வளவுக்குள்ளயே விடலாம். வாய்ப்பேச்சை நம்பாதேங்கோ, ஓமெண்டு சொல்லி ரெண்டு மாரி போயும் ஒரு மண்வெட்டி விழாத வீடுகள் இருக்கு, மத்தியஸ்த சபையில எழுத்தில எடுங்கோ. அவர் மாட்டன் எண்டா, 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ பிரதேச சபையில அவற்ற அனுமதிச்ச பிளானைக் கேளுங்கோ. அதில கிடங்கு வேற இடத்தில கீறியிருந்தா உங்கட கை ஓங்கும், அப்ப பீ.எச்.ஐ.யைக் கூப்பிட்டு அவர் கையாலயே தண்ணி எடுப்பியுங்கோ.

அதுவரைக்கும் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ, நைத்திரேற்று கொதிச்சாலும் போகாது, கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிறதெண்டா வேற தண்ணி எடுங்கோ.