கேள்வி – பதில்: ஈஸ்ட்டுக்குள் ஒரு வாசல்

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி படிக்கிறாள். 'செக்61' என்ற ஈஸ்ட் மரபணு பற்றி செமினார் எடுக்கப் போகிறாளாம். பன்னை உப்ப வைக்கிற ஈஸ்ட்டில் அப்படி என்ன ஆராய்ச்சி?

பதில்: நிறையவே இருக்கிறது. செல்லுக்குள் புரதம் தயாராவது ஓரிடம், அது போய் வேலை பார்ப்பது வேறிடம். வெளியே போக வேண்டிய புரதம் பலவற்றின் முனையில் விலாசம் மாதிரி ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும். இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் கொடுத்தார்கள். சரி, விலாசம் இருந்தால் போதுமா, நுழைய வாசல் வேண்டாமா? வெளியே போகிற புரதம் முதலில் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வுப் பைக்குள் நுழைகிற அந்த வாசலைச் செய்யும் மரபணுதான் செக்61.

ஈஸ்ட் ஏன் என்றால், அது மரபணுக்களை ஒற்றைப் பிரதியாக வைத்துக்கொண்டே வாழும். ஒன்று பழுதானால் மறைக்க இன்னொன்று கிடையாது, குட்டு உடனே வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: அந்த வாசல் இல்லாவிட்டால் செல் செத்துப்போகுமே, செத்த செல்லை வைத்துக்கொண்டு மரபணுவை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். 1987-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரேமண்ட் டெஷேஸும் ராண்டி ஷெக்மனும் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. ஹிஸ்டிடினால் என்ற பொருளை, ஈஸ்ட் வளரத் தேவையான ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலமாக்குகிற என்சைம் ஒன்று உண்டு, அது செல்லின் திரவப் பகுதியில் இருந்தால்தான் வேலை நடக்கும். அந்த என்சைமின் தலையில் வேண்டுமென்றே 'உள்ளே போ' என்ற விலாசத்தை ஒட்டிவிட்டார்கள். வாசல் நன்றாக இருக்கிற ஈஸ்ட்டில் என்சைம் ஒழுங்காகச் சவ்வுப் பைக்குள் போய் அடைந்துகொள்ளும், ஹிஸ்டிடினாலை மட்டும் போட்டு வளர்த்தால் அந்த ஈஸ்ட் பட்டினிதான். வாசல் கொஞ்சம் பழுதான ஈஸ்ட்டிலோ, கொஞ்சம் என்சைம் உள்ளே போக முடியாமல் பைக்கு வெளியே திரவப் பகுதியிலேயே தங்கிவிடும், அதுவே அதைப் பிழைக்க வைத்துவிடும்! நல்லது சாகிறது, பழுது பிழைக்கிறது. அப்படித் தட்டில் முளைத்தவற்றை எடுத்து 37 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சூட்டில் பழுது முற்றி வளர்ச்சியே நின்றுபோனவை சில இருந்தன. அவற்றில் அகப்பட்டதுதான் செக்61. செல்லைக் கொல்லாமல், அரைகுறையாக முடக்கி ஆளைப் பிடித்த கதை இது.

(ஷெக்மனுக்கு 2013-இல் நோபல் கிடைத்தது. அது இந்த ஒரு மரபணுவுக்காக அல்ல, செல்லுக்குள் சரக்குப் போக்குவரத்தை நடத்தும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டுபிடித்ததற்காக.)

கேள்வி: இதனால் மனிதர்களுக்கு என்ன லாபம்?

பதில்: இதே வாசல் நம் செல்லிலும் இருக்கிறது. கணையத்தில் இன்சுலின் முதலில் தயாராகும்போது 24 அமினோ அமில விலாசத்தோடுதான் வரும், இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகும், அப்புறம் விலாசம் வெட்டப்படும். ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காணப்படும் புருலி புண் என்ற தோல் நோயில், கிருமி விடுகிற நஞ்சு இந்த வாசலைத்தான் அடைக்கிறது.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஈஸ்ட் மரபணுவை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால் அது நல்ல மரபணு, சின்ன எழுத்தில் எழுதினால் இந்த மாதிரி பழுதானது. ஸ்லைடில் இதைக் குழப்பினால், முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.