மாத்திரையை நிறுத்திட்டு தியானத்துக்கு போகலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 46, ரங்கூன்ல இருக்கேன். பேர் போட்றாதீங்க, கோயிலுக்கு போனா எல்லாருக்கும் தெரிஞ்ச மூஞ்சி. ஆறு வருசத்துல மூணு தடவை டிப்ரஷன் வந்துருச்சு, இப்போ மாத்திரையில கொஞ்சம் தேவலை. நாத்தனார் என்னடான்னா மாத்திரைய தூக்கி போட்டுட்டு விபாசனா தியானத்துல பத்து நாள் உக்காந்துட்டு வாங்கங்குறாங்க, சிங்கப்பூர்ல இருக்குற மக ஆன்லைன்ல எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் கிளாஸ்ல (இந்த நிமிசம் நடக்குறத கவனிச்சு பாக்க பழக்குற கிளாஸ்) சேரும்மாங்குறா. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ஒண்ணு இல்ல தங்கச்சி, தூரத்து சொந்தம்னு வேணா சொல்லலாம். 1979ல அமெரிக்காவுல ஜான் கபட்-ஜின்னு ஒருத்தர் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு ஆரம்பிச்ச தியான கிளாஸுக்கு ஒரு வேர் உங்க ஊர் விபாசனாதான். அதை வச்சுத்தான் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல்னு மூணு உளவியல் ஆராய்ச்சியாளருங்க டிப்ரஷன் திரும்ப திரும்ப வர்றவங்களுக்குன்னே இந்த எட்டு வார கிளாஸ பண்ணாங்க. வாரம் ஒரு கிளாஸ், சுமாரா ரெண்டு மணி நேரம், அப்புறம் தினமும் வீட்டுப் பாடம். மொத நாள் ஒரே ஒரு கிஸ்மிஸ்ஸ குடுத்து பாரு, மோந்து பாரு, மெதுவா மெல்லுன்னு சொல்லுவாங்க (எங்க ஆத்தா பாத்திருந்தா சிரிச்சே செத்துருக்கும்!). ஆனா விசயம் அதுலதான் இருக்கு. மனசு கொஞ்சம் வாடினா போதும், பழசையெல்லாம் இழுத்து வச்சு மாடு மாதிரி அசை போட ஆரம்பிச்சுடுறோம்ல, 'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு, அந்த அசை போடுறதுதான் அடுத்த ரவுண்டு டிப்ரஷனுக்கு இழுத்துட்டு போகுது. அது ஆரம்பிக்கிறப்பவே கண்டுபிடிச்சு, இது வெறும் நினைப்புதான், நெசம் இல்லன்னு தள்ளி நின்னு பாக்க பழக்குறாங்க.

2000ல வந்த ஆராய்ச்சியில, மூணு தடவையோ அதுக்கு மேலயோ வந்தவங்கள்ல வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்த 66 சதவீதம் பேருக்கு ஒரு வருசம் சொச்சத்துல திரும்ப வந்துச்சு, கிளாஸுக்கும் போனவங்கள்ல 37 சதவீதம்தான். ரெண்டே தடவை வந்தவங்களுக்கு பலன் தெரியல. உங்களுக்கு மூணு, அதனால மக சொல்றதுல அர்த்தம் இருக்கு.

பத்து நாள் பேசாம உக்காந்து நாளைக்கு பத்து மணி நேரம் தியானம் பண்றது வேற கதை. நல்லா இருக்குறவங்களுக்கே கஷ்டம், இப்பத்தான் தேறி வர்ற நீங்க இப்ப போகாதீங்க. அங்க அசை போட மட்டும் நேரம் நெறைய கிடைக்கும்.

மாத்திரை விசயத்துல நாத்தனார் பேச்ச கேக்கவே கேக்காதீங்க. பட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், தூக்கம் கெடுறது, நோய் திரும்புறதுன்னு வரிசையா வரலாம். இங்கிலாந்துல 424 பேர ரெண்டு வருசம் பாத்து 2015ல சொன்னது, கிளாஸ் வழியா மாத்திரைய குறைச்சவங்கள்ல 44 சதவீதம், மாத்திரையே தொடர்ந்தவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துச்சு. கிட்டத்தட்ட சமம். அதுவும் டாக்டர் பாத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாங்க.

கிளாஸ் நடத்துறவங்க டிப்ரஷன் உள்ளவங்களோட வேலை பாத்து பழகினவங்களான்னு மகள விசாரிக்க சொல்லுங்க. நடுவுல சாகணும்ங்குற நினைப்பு வந்தா கிளாஸ் கிடக்கட்டும், அன்னைக்கே டாக்டர போய் பாருங்க, துணைக்கு நாத்தனாரையே கூட்டிட்டு போங்க.