வீடு அவர் பேரில், கடன் இரண்டு பேர் பேரில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் வசிக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு மாமனார் விட்டுப்போன ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. 2017-இல் கடன் வாங்கி வீடு கட்டினோம். பத்திரம் அவர் பேரில், கடனில் நானும் கையெழுத்து, தவணை என் சம்பளத்தில் போகிறது. என் 18 பவுன் நகையும் அவர் பேரில் அடகில் இருக்கிறது. ஒன்றரை வருடமாகப் பிரிந்திருக்கிறோம். மனமொத்து விவாகரத்து வாங்கலாம், வீட்டில் பங்கு கிடையாது, கடனில் பாதி நீ கட்டு என்கிறார்.

பதில்: சகோதரி, வங்கியைக் கேட்டால் பாதி இல்லை, முழுக் கடனுமே உங்கள் பொறுப்பு என்பார்கள். கூட்டாகக் கையெழுத்துப் போட்ட கடனை யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம், ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு அப்படி. 'கடனைக் கணவரே கட்டுவார்' என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதினாலும் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு இல்லையே, அதைக் கட்டுப்படுத்தாது. அவர் நிறுத்தினால் நோட்டீஸ் உங்களுக்கும் வரும், சிபில் ஸ்கோரும் கெடும்.

அதனால் முதலில் வங்கி, அப்புறம் கோர்ட். அவர் வீட்டை வைத்துக்கொள்வதானால் கடனைத் தன் பேருக்கு மட்டும் மாற்றி, உங்களை விடுவித்ததாக வங்கியிடம் எழுத்தில் வாங்கித் தர வேண்டும். மாதாமாதம் ஃபேக்டரியில் வரும் இலைப் பணத்தை மட்டும் பார்த்து வங்கி ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம், அது அவர் கவலை. இல்லையென்றால் விற்றுக் கடனை அடைக்கலாம். அதற்குக் கட்டட அனுமதி பிளான் வேண்டும், நீலகிரியில் அது இல்லாத வீட்டுக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. உங்களுக்குப் பங்கு எழுதித் தர இறங்கி வந்தால், வங்கி சம்மதத்தோடு செட்டில்மென்ட் பத்திரத்தைத் தீர்ப்புக்கு முன்பே பதிந்துவிடுங்கள். கணவன் மனைவிக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்தான். விவாகரத்துக்குப் பிறகு அந்தச் சலுகை கிடைக்காது.

வீட்டில் பாதி தானாக மனைவிக்கு வந்துவிடும் என்று நம் சட்டத்தில் இல்லை, பலர் அப்படி நினைக்கிறார்கள். ஆனால் நீங்கள் கட்டிய தவணைக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, அதை வைத்துக் குடும்ப நல நீதிமன்றத்திலேயே சொத்துரிமை கேட்கலாம். வீட்டு வேலை பார்த்த மனைவியின் உழைப்பும் சொத்துக்குப் பங்களிப்புதான் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நீங்களோ பணமே கட்டியிருக்கிறீர்கள். தோட்டம் அவருடையது, அதில் கை வைக்க முடியாது. அதன் வருமானத்தை ஜீவனாம்சக் கணக்கில் காட்டலாம்.

நகை பேரத்துக்கே வரக்கூடாது. அது சீதனம், உங்களுடையது மட்டும். மனுவில் பவுன் கணக்கோடு எழுதி, இரண்டாவது முறை கோர்ட்டில் சம்மதம் சொல்வதற்கு முன் மீட்டு வாங்கிவிடுங்கள். மனு போட்டு ஆறு மாதம் கழித்துத்தான் அந்தச் சம்மதம். 2017-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம்தான், அவர் வக்கீலும் கேட்பார். கடனும் நகையும் முடியாமல் அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு, கையில் இருக்கிற ஒரே பிடி அதுதான்.

கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அதே கணக்கிலிருந்தே போகட்டும்.