தென்னையில் தேனீ வந்தால் நல்லது, காண்டாமிருக வண்டு வந்தால்?

மார்த்தாண்டம் பக்கம் தென்னந்தோப்பும் தேன்பெட்டியும் வைத்திருப்பவர் கேட்டது: "இரண்டும் தென்னைக்குத்தானே வருகின்றன, வண்டுக்கு மருந்தடித்தால் தேனீ சாகுமா?"

சாகும். பாளை விரிந்திருக்கும்போது மருந்தடித்தால் முதலில் சாவது தேனீதான். தேனீ பகலில் விரிந்த பாளைக்கு வந்து மகரந்தமும் தேனும் எடுக்கும். வண்டு இரவில் பறந்து வந்து, விரியாத குருத்தையும் பாளையையும் குடையும். பின்னால் ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டுகள் தெரியும். அதற்கு முன்பே மட்டையிடுக்கில் மென்று துப்பிய நார் துருத்திக்கொண்டு நிற்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

தேனீக்குக் கூடு, ராணி, வேலைப் பங்கீடு எல்லாம் உண்டு. வண்டு தனிக்கட்டை. அதன் வெள்ளைப் புழு வளர்வது உயிருள்ள மரத்தில் இல்லை, பெரும்பாலும் நம் வீட்டு எருக்குழியில்! ஆகவே எருவைக் கிளறிப் புழுவைப் பொறுக்குங்கள், கோழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தையும் குழியில் கலக்கலாம். மரத்தில் ஓட்டை தெரிந்தால் கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுங்கள். குருத்தைச் சுற்றிய மட்டையிடுக்குகளில் வேப்பம்பிண்ணாக்கும் மணலும் 1:2 அளவில் போட்டால் போதும், தேனீக்குத் தொந்தரவில்லை.

அப்புறம், நம்ம ஊர் ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. ரப்பரின் மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில், தளிர்க் காலத்தில் சுரப்பதைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. தோட்டத்தில் தளிருக்கு மருந்தடிக்கும் நாள் தெரிந்தால் பெட்டியை முன்கூட்டியே நகர்த்திவிடுங்கள்.