பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசங்களை மீட்டெடுப்பது என்றால் என்ன?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டி, கதாபாத்திரமாகவே மாறி ஆடும் மேசை விளையாட்டு. அதில் ஆடுவதற்கென்று அச்சிட்டு வரும் கதைப் புத்தகம்தான் சாகசம். பழைய சாகசத்தின் கதையை வைத்துக்கொண்டு, விதிகளை இன்றைய பதிப்புக்கு மாற்றுவதுதான் மீட்டெடுப்பு. 1980களில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கியது. பழைய எண்ணை அப்படியே எடுத்தால் பலசாலி அரக்கன் நோஞ்சானாகிவிடுவான். பாட்டியின் ஆழாக்குக் கணக்கை கிராமில் எழுதிக்கொள்வது போலத்தான்.

1983-இல் வந்த ரேவன்லாஃப்ட், ஸ்ட்ராட் என்ற இரத்தக்காட்டேரியின் கோட்டைக்குள் போகும் சாகசம்; வெறும் 32 பக்கம். 2016-இல் அதை ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்று விரித்தபோது கோட்டையைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கையே சேர்த்தார்கள். ஆனால் மந்திர வாள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று சீட்டுக்குறி பார்த்து முடிவாகும் அந்தக் காட்சியை விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு இடம்! எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

அப்புறம், புதுப்பித்தால் ஆட்டம் சுலபமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஸ்ட்ராட் இன்றும் முழுக் குழுவையும் கொன்றுபோடக்கூடியவன்.